200 எஃபெக்ட் இருக்கட்டும், வயரை எங்க சொருகப்போறீங்க?

கிட்டாருக்கு மல்டி எஃபெக்ட் பெட்டி வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது ஒரு எண்தான். இதில 70 எஃபெக்ட் இருக்கு, அதில 150 இருக்கு, இன்னும் கொஞ்சம் காசு போட்டா 200. யூடியூபிலும் இதே கணக்குத்தான். ஹாலிஎல, தெமோதரை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் கிட்டார் வாசிக்கிற தம்பி தங்கச்சிமாரும் அந்த எண்ணை நம்பித்தான் காசு சேர்க்கிறார்கள். நாங்கள் சொல்கிறோம்: அந்த எண்ணுக்கும் மேடையில் வரும் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "இதை எதில சொருகப்போறீங்க?" என்று கேட்காமல் பெட்டியை விற்கிறவர் உங்களுக்குச் சத்தத்தை விற்கவில்லை, எண்ணைத்தான் விற்கிறார்.

நாங்கள் இன்னொரு எண் சொல்கிறோம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. வாங்க நினைக்கிற பெட்டியின் விலையை ஒரு நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்க. வருகிற விடை அம்மா கூடையோட மலை ஏறி இறங்கின நாட்கள். பெட்டிக்குள் இருக்கிற எஃபெக்ட்டை எண்ணுவதற்கு முதல் இந்த நாட்களை எண்ணுவோம்.

அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு என்ன நடக்கிறது? லயத்தில் ஹெட்ஃபோனில் கேட்டால் தேன் மாதிரி இருக்கும். கோயில் திருவிழா மேடையில் ஏறினால் தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம், இல்லாவிட்டால் கம்பளிக்குள் இருந்து வாசிக்கிற சத்தம். உடனே இரண்டு தீர்ப்பு வரும். ஒன்று, "பெட்டி சின்னது, பெரிசா ஒன்று வாங்கணும்." மற்றது, "தோட்டத்துப் பொடியன்களுக்கு டோன் எல்லாம் எங்க தெரியப்போகுது." இரண்டும் பொய். அநேகமாக அங்கே பிழைத்திருப்பது ஒரே ஒரு செட்டிங்தான்.

கிட்டார் அம்ப் என்பது மூன்று சாமான் சேர்ந்தது: சத்தத்துக்குக் குணம் கொடுக்கிற ப்ரீஅம்ப், பலம் கொடுக்கிற பவர் அம்ப், கடைசியில் ஸ்பீக்கர். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சுச் சத்தத்தை அதிகம் வெளியே விடாது. டிஸ்டோர்ஷன் காதுக்கு இதமாகக் கேட்பதே அதனால்தான். மல்டி எஃபெக்ட் பெட்டிக்குள் இந்த மூன்றின் நகலும் இருக்கிறது. 1998 இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பொட்’ வந்த பிறகு பரவலான வித்தை இது. ஸ்பீக்கரின் நகலுக்குப் பெயர் கெப் சிமுலேஷன். அதோடு நேராக அம்பின் முன்துளையில் சொருகினால் அம்புக்கு மேல் அம்ப், ஸ்பீக்கருக்கு மேல் ஸ்பீக்கர். சத்தம் அடைத்துப்போகும். அதை நிறுத்திவிட்டு சவுண்ட்ஸ்காரரின் மிக்சரில் சொருகினால் வடிகட்ட எதுவுமில்லை. நுளம்புதான் பாடும்.

ஆகவே மூன்று வழி, மூன்று செட்டிங்.

மிக்சருக்குப் போனால் கெப் சிமுலேஷன் கட்டாயம் வேண்டும். ஒரு வயர்தான் என்றால் ‘மோனோ’ என்று எழுதிய துளையில் சொருகுங்க. வயர் நீளம் என்றால் சவுண்ட்ஸ்காரரிடம் டி.ஐ. பெட்டி கேளுங்க.

அம்பின் முன்துளைக்குப் போனால் பெட்டியில் கெப்பும் வேண்டாம், அம்ப் மாடலும் வேண்டாம். அம்பை க்ளீனாக வைத்துக்கொண்டு ட்ரைவ், டிலே, ரிவர்ப் மட்டும் பாவியுங்க.

அம்பின் பின்னால் ‘ரிட்டர்ன்’ துளை இருந்தால் அதுவே நல்ல வழி. அது ப்ரீஅம்பைத் தாண்டி பவர் அம்புக்குப் போகிறது. அம்ப் மாடலைப் போடலாம், கெப்பை மட்டும் நிறுத்துங்க. பல அம்ப்களில் முன்னால் உள்ள வொலியூம் அப்போது வேலை செய்யாது. பெட்டியின் வொலியூமை அடியில் வைத்தே தொடங்குங்க.

எந்த வழியிலும், அம்பின் ஸ்பீக்கர் அவுட்டை மட்டும் பெட்டிக்குள் சொருகாதீங்க. பெட்டி எரிந்துபோகும்.

இனி வாங்கும்போது என்ன கேட்பது? கெப்பை எல்லா சத்தத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் நிறுத்தலாமா? எதில் சொருகியிருக்கிறோம் என்று பெட்டிக்குச் சொல்ல முடியுமா? 2016 இல் வந்த பொஸ் ஜிடி-1 சின்னப் பெட்டிதான், அதிலேயே அந்த வசதி இருக்கிறது. நான்கு பென்டோர்ச் பெட்டரியிலும் ஓடும். அடப்டர் எத்தனை வோல்ட், அதன் நடு முனை நெகட்டிவா பொசிட்டிவா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் பாவித்த பெட்டியே போதும்.

"எஃபெக்ட் கூட இருந்தா நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். 1958 இல் லிங்க் ரே ‘ரம்பிள்’ வாசித்தபோது அம்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964 இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சின்ன அம்ப் ஒன்றின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. உங்களைக் கிழிக்கச் சொல்லவில்லை. தங்கள் சாமான் எப்படிச் சத்தம் போடுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 200 எஃபெக்ட் அதைச் சொல்லித் தராது.

இன்னொரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஹம் சத்தம் வருகிறது என்று ப்ளக்கின் எர்த் வயரை வெட்டுகிற பழக்கம். 1972 இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர் சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். எங்கள் மேடைகள் மழையில் நனைகிற மேடைகள். ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்த மேடைகள். ஹம் இருந்தால் இருக்கட்டும், எர்த்தில் கை வைக்காதீங்க.

கடைசியாக மூத்த கலைஞர்களுக்கு. "அதெல்லாம் அனுபவத்தில வரும்" என்று இந்த விஷயங்களை மூடி வைப்பது பெருந்தன்மை இல்லை. உங்களுக்கு அனுபவம் வர எத்தனை வருஷம், எத்தனை பேருடைய சம்பளம் போனது? அதே விலையை இன்னொரு பிள்ளையும் ஏன் கொடுக்கணும்? இந்தப் பெட்டிகளின் கையேடு எதையும் தமிழில் நாங்கள் கண்டதில்லை. அப்போ வாயால்தான் சொல்லிக் கொடுக்கணும்.

வருகிற திருவிழாவுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி மேடைக்குப் போங்க. சவுண்ட்ஸ்காரரோடு சிநேகமாகப் பேசி, கெப்பைப் போட்டும் நிறுத்தியும் வாசித்துப் பாருங்க. பெட்டி இல்லாத பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்க. வாங்குவதா வேண்டாமா என்று அந்தப் பிள்ளை முடிவெடுக்கட்டும், தன் காதால் கேட்டு.