குழந்தையின் பாதத்தில் கொப்புளமா? தடவும் முன் கவனியுங்கள்

கைக்குழந்தையின் பாதத்தில் பொரிப்பொரியாக ஏதாவது தென்பட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அம்மை என்பார் ஒருவர், சூட்டுக் கொப்புளம் என்பார் மற்றொருவர். கொப்புளத்தை மட்டும் பார்த்து மருத்துவராலேயே பல நேரம் முடிவு சொல்ல முடியாது. அது எந்த இடத்தில் இருக்கிறது, கூடவே வேறென்ன இருக்கிறது, வீட்டில் இன்னும் யாருக்கு இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் காரணம் பிடிபடும்.

முதலில் குழந்தையின் வாயைப் பாருங்கள். பாதத்தோடு உள்ளங்கை, பிட்டம் ஆகிய இடங்களிலும் கொப்புளம், நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண், சற்றே காய்ச்சல் என்றால் அது பெரும்பாலும் கை, கால், வாய் நோய். 2022-இல் கேரளத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பேசப்பட்டதும் இதன் ஒரு வடிவம்தான். வைரஸால் வருவதால் ஆன்டிபயாடிக் உதவாது. 7 முதல் 10 நாளில் தானே அடங்கும். வாய் வலியால் குழந்தை குடிக்க மறுத்து நீர்ச்சத்து வற்றிவிடுவதுதான் கவலை. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுங்கள். மலத்தில் இந்த வைரஸ் பல வாரம் வெளியேறும் என்பதால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இரவில் குழந்தை அரிப்பால் சிணுங்குகிறதா? அது சிரங்காக இருக்கலாம். பெரியவர்களுக்கு விரலிடுக்கில் வரும் சிரங்கு, கைக்குழந்தைக்கு உள்ளங்காலிலும் தலையிலும்கூட வரும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் துளைத்து வாழ்வதே காரணம். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே, அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் அது ஒழியும்.

கணுக்காலைச் சுற்றி வளையமாகத் தடித்தால், கொலுசைக் கழற்றிப் பாருங்கள்; உலோக ஒவ்வாமையாக இருக்கலாம். குதிகாலின் உட்பக்கம் தோல் நிறத்திலேயே மெத்தென்று, வலியின்றி, இரு காலிலும் இருக்கும் சிறு மேடு பெரும்பாலும் கொழுப்புத் திசுதான். தடுப்பூசி போடப் போகும்போது காட்டினால் போதும்.

அக்கி என்று எண்ணிக் காவி பூசாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பும் வேண்டாம். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. சிவப்பு இரண்டு நாள் மங்கும். சிரங்காக இருந்தால் உள்ளே அது பரவிக்கொண்டே இருக்கும். பிறகு மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது.

பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குக் கொப்புளம் வந்தாலும், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, தூக்கத்தில் திடுக்திடுக்கென்று துள்ளுவது, சீழ் பிடிப்பது, அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

மற்ற நேரங்களில், முதல் நாளே பகல் வெளிச்சத்தில் செல்பேசியில் படமெடுத்து வையுங்கள். மருத்துவர் பார்ப்பது சில நிமிடம்; நாள் முழுக்கப் பார்ப்பவர் நீங்கள். எப்போது தொடங்கியது, எங்கே பரவியது என்று நீங்கள் தெளிவாகச் சொன்னால், தேவையில்லாத மருந்து எதுவும் குழந்தையின் தோலில் படாமல் காக்கலாம்.