புட்டியில் அடைபடுமா மண்ணின் உயிர்?

டார்வின் 1881-ல் தனி நூலே எழுதிப் போற்றிய மண்புழுவின் எச்சத்தை, நீரில் கரைத்துப் புட்டியில் அடைத்து உழவனிடமே விற்கிறார்கள். வேடிக்கை அல்லவா இது!

தோழர்களே, ஒரு கிலோ மண்புழு உரத்தைத் துணியில் முடிந்து, 20 லிட்டர் கிணற்று நீரில் தொங்கவிடுங்கள். வெல்லம் சிறிது போதும். மீன்தொட்டிக் காற்றுக்குழாயை விட்டு ஒரு நாள் குமிழியிடச் செய்யுங்கள். காற்றால் பெருகும் நுண்ணுயிர்கள், மூடிய புட்டியில் மாதக்கணக்கில் எப்படி வாழும் என்றே நாம் கேட்கிறோம்! வடித்த அன்றே வேரில் ஊற்ற வேண்டும்; நாறினால் கொட்டிவிட வேண்டும். பச்சையாய்த் தின்னும் இலைகளில் தெளிக்கலாகாது.

யூரியாவை இது விரட்டிவிடும் என்று நாம் புளுக மாட்டோம்; இதில் தழைச்சத்து சொற்பம். மண்ணுக்குச் சோறு மக்குதான். அந்த மக்குக்கு, ஊருக்கொரு புழுத்தொட்டி கட்டக் கூட்டுறவுச் சங்கம் கடன் தரட்டும்.