இருபத்தெட்டு ஆண்டு என்று ஒரு பொய்க்கணக்கு

அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. கம்பெனி தன்னுடைய பழைய பெண்கள் மல்யுத்தச் சாம்பியன் பட்டத்துக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் முதல் வரி இப்படி: ஃபேபுலஸ் மூலா, 18 செப்டம்பர் 1956 முதல் 23 ஜூலை 1984 வரை. இதை வைத்துத்தான் "இருபத்தெட்டு ஆண்டு தொடர்ந்து சாம்பியன்" என்று டி.வி.யில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என் பேத்தியும் அதையே ஒப்பிக்கிறாள். அந்த முதல் வரியே பொய் என்பது என் கட்சி.

எழுபது தாண்டியவனுக்கு எதற்கு ஐயா பெண்கள் மல்யுத்தம் என்று கேட்பீர்கள். மல்யுத்தம் எனக்கும் பெரிதாகப் பிடிக்காது. பதிவேடு பிடிக்கும். முப்பத்து மூன்று வருஷம் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் சர்வீஸ் புக் எழுதியவன் நான். தேதியில் ஒரு நாள் பிசகினால் இராத்திரி தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் கண்ணில் இந்த வரி பட்டது கம்பெனியின் துரதிர்ஷ்டம்.

முதலில் கூட்டல் கழித்தல். 1956 செப்டம்பர் 18 முதல் 1984 ஜூலை 23 வரை கணக்கிட்டால் இருபத்தேழு வருஷம், பத்து மாதம், ஐந்து நாள். பென்ஷன் கணக்கில் இதை இருபத்தெட்டு என்று எழுதியிருந்தால் ஆடிட் பார்ட்டி என்னைப் பிய்த்து எடுத்திருப்பார்கள். போகட்டும், இது சின்ன விஷயம்.

கடற்கரைச் சாலையில் மாலையில் கூடும் எங்கள் கோஷ்டியில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். "அதுவே டிராமா. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அதில் என்ன பொய், என்ன உண்மை?" இந்த வாதத்தைத்தான் நான் உடைக்க வேண்டும், ஏனென்றால் கம்பெனியும் இதற்குள்தான் ஒளிந்துகொள்கிறது.

டிராமா என்பது எனக்குத் தெரியாதா? பிரெஞ்சில் இந்த வித்தைக்குத் தனிப் பெயரே உண்டு: 'காட்ச்'. நிஜ மல்யுத்தத்துக்கு வேறு சொல், 'லுத்'. பள்ளிக்கூடத்திலேயே எங்களுக்கு இரண்டும் வேறு வேறு. ரோலான் பார்த் 1957ல் வெளியிட்ட 'மித்தோலொழி' புத்தகத்தில் முதல் கட்டுரையே காட்ச் பற்றியதுதான். இது விளையாட்டு அல்ல, காட்சி. இது ஏற்பாடா இல்லையா என்று ஜனங்கள் கவலைப்படுவதே இல்லை என்று அதில் வாதிடுகிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்சி பொய் என்பதற்காக, காட்சி நடந்ததும் பொய்யா?

தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் சாகத்தான் போகிறான், ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வருஷம் துரியோதனன் வேஷம் கட்டியது யார் என்பது நிஜம். விடிய விடிய ஆடியது நிஜம். நாலு பேர் கட்டி ஆடிய வேஷத்தை, அத்தனை வருஷமும் ஒரே ஆள்தான் கட்டினார் என்று எழுதி வைத்தால் அதற்கு என்ன பெயர்? அதைக் கூத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி விவரத்துக்கு வருகிறேன்.

மூலாவின் சொந்தப் பெயர் மேரி லிலியன் எல்லிசன். 1923ல் தெற்குக் கரோலினாவில் பிறந்தவர். 'மூலா' என்றால் அமெரிக்கக் கொச்சையில் காசு. நம்மூர் மூலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1956ல் பால்ட்டிமோர் நகரத்தில் பதின்மூன்று பெண்கள் இறங்கிய ஒரு போட்டியில் ஜெயித்து உலகச் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டார். அன்றைக்கு உலகச் சாம்பியன் நாற்காலி காலியாகவா இருந்தது? இல்லை. ஜூன் பையர்ஸ் என்ற பெண் அதில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 1937 முதல் மில்ட்ரெட் பர்க் என்பவர்தான் சாம்பியன். அவர் கணவர் பில்லி உல்ஃப், பெண்கள் மல்யுத்த வியாபாரத்தையே கையில் வைத்திருந்த புரோமோட்டர். தம்பதி பிரிந்தார்கள். உல்ஃப் தன் சொந்த மருமகளான ஜூன் பையர்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1954 ஆகஸ்ட் 20ஆம் தேதி அட்லாண்டாவில் மாமியாரும் மருமகளும் மோதினார்கள். மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டும் என்பது விதி. முதல் சுற்று பையர்ஸுக்கு. இரண்டாவது சுற்று முடியவே இல்லை, நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். இது ஏற்பாடு செய்த ஆட்டம் அல்ல, நிஜமாகவே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பார்த்த சண்டை. ஒரு சுற்றுதான் போயிற்று, நான் தோற்கவில்லை என்று பர்க் கடைசிவரை சொன்னார். உல்ஃப் தரப்பு பையர்ஸ்தான் சாம்பியன் என்று பரப்பிவிட்டது. பர்க் தனியாக வேறொரு உலகப் பட்டத்தை வைத்துக்கொண்டார். அந்த வழிவந்த சிவப்பு பெல்ட் 1970ல் ஜப்பான் போய் அங்கே பெரிய பேர் வாங்கியது.

ஆக 1956ல் பையர்ஸ் ஒரு சாம்பியன், பர்க் ஒரு சாம்பியன், மூன்றாவதாக பால்ட்டிமோரில் மூலா ஒரு சாம்பியன். நேஷனல் ரெஸ்லிங் அலயன்ஸ் என்ற பெரிய கூட்டமைப்பு மூலாவை உலகச் சாம்பியனாக ஏற்றது 1964ல் பையர்ஸ் ஓய்வு பெற்ற பிறகுதான்.

இன்னொரு கூத்து கேளுங்கள். டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் முன்னோடி, டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் தொடங்கியது 1963ல். பட்டத்தின் உரிமையை மூலாவிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது 1983-84 வாக்கில். ஆனால் பதிவேட்டில் பதவி ஏற்ற தேதி 1956! ஆபீஸ் திறப்பதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே சிப்பந்தி டியூட்டியில் சேர்ந்துவிட்டார். எங்கள் செக்‌ஷனில் இப்படி ஒரு ஃபைல் வந்தால் சூப்பரின்டென்டென்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். வாங்கிய சொத்துக்கு மூலபத்திரம் பழையதாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் வந்த நாலு பெண்களை அழித்ததை மன்னிக்க முடியாது.

1966ல் பெட்டி பூஷே மூலாவைத் தோற்கடித்துச் சாம்பியன் ஆனார். 1968ல் ஜப்பானில் யுகிகோ தொமோயே. 1976ல் சூ கிரீன். 1978ல் எவலின் ஸ்டீவன்ஸ். நாலு பேரிடமும் பட்டம் தங்கியது கொஞ்ச காலம்தான், பிறகு மூலாவே திரும்ப வாங்கிக்கொண்டார். தொமோயே மூன்று வாரம் போல வைத்திருந்தார், ஸ்டீவன்ஸ் சில நாள்தான். ஆனால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஜனங்கள் முன்னால், நடுவர் மூன்று எண்ணி, கையைத் தூக்கி, பெல்ட்டைக் கொடுத்தது நடந்த விஷயம். கம்பெனியின் பதிவேட்டில் இந்த நாலு பெயரும் இல்லை.

சில நாள், சில வாரம் என்பதை விடக்கூடாதா என்கிறார்கள். விடக்கூடாது. எங்கள் ஆபீஸில் ஒரு அம்மா, சூப்பரின்டென்டென்ட் லீவில் போனபோது நாற்பத்தொரு நாள் அந்தப் பொறுப்பைப் பார்த்தார். சர்வீஸ் புக்கில் ஏறவில்லை. "நாற்பத்தொரு நாளுக்கு என்னம்மா பதிவு" என்றார் அதிகாரி. பழைய கட்டுகளைத் தூசி தட்டி ஆர்டர் காப்பியைத் தேடி எடுத்து, பதிவு எழுதி கையெழுத்துக்கு வைத்தேன். போட்டார். அதனால் அந்த அம்மாவுக்கு ஒரு பைசா கூடவில்லை. ஆனால் ரிட்டயர் ஆன அன்று புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தைத்தான் தன் மகளிடம் காட்டினார்.

அதோடு, நாள் குறைவு என்பதுதான் காரணம் என்றால் கம்பெனி தன் விதியைத் தானே மீறியிருக்கிறது. 1986 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் வெல்வெட் மெக்கின்டயர் என்ற பெண் மூலாவைத் தோற்கடித்து ஆறு நாள் பட்டம் வைத்திருந்தார். அது பதிவேட்டில் இருக்கிறது. 1999 அக்டோபரில் எழுபத்தாறு வயதில் மூலாவே மறுபடி சாம்பியனாகி எட்டு நாள் இருந்தார். அந்த எட்டு நாளும் ஜம்மென்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆறு நாள் செல்லும், ஜப்பானில் மூன்று வாரம் செல்லாதா? 1988ல் ராக்கின் ராபின் இதே பட்டத்தை ஜெயித்தது பாரிஸில், அதுவும் பதிவாகியிருக்கிறது. ஆகவே வெளிநாடு என்பதும் காரணமில்லை. காரணம் ஒன்றுதான்: அந்த நாலு பெயரும் உள்ளே வந்தால் இருபத்தெட்டு உடைந்துவிடும்.

இருபத்தெட்டு எதற்கு வேண்டியிருந்தது? வியாபாரத்துக்கு. 1984 ஜூலை 23 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், எம்.டி.வி. நேரடி ஒளிபரப்பில், பாடகி சிண்டி லாப்பர் பக்கத்தில் நிற்க, வெண்டி ரிக்டர் என்ற இளம்பெண் மூலாவை வீழ்த்தினார். இருபத்தெட்டு வருஷமாகத் தோற்காத கிழவியை வீழ்த்தினாள் என்றால்தான் விளம்பரம். ஆறு வருஷம் முன்னால் வேறு ஒருத்தி வீழ்த்தியவள்தான் என்றால் யார் பார்ப்பார்கள்?

விளம்பரத்துக்கு உதவிய அந்த வெண்டிக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷமே சம்பளத் தகராறு. 1985 நவம்பர் 25, அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன். 'ஸ்பைடர் லேடி' என்று முகமூடி போட்ட ஒருத்தி எதிரில் வந்தாள். ஆட்டத்தின் நடுவில் வெண்டியை அமுக்கினாள். வெண்டி தோளைத் தூக்கியும் நடுவர் கண்டுகொள்ளாமல் வேகமாக மூன்று எண்ணிவிட்டார். முகமூடிக்குள் இருந்தது மூலா. வெண்டிக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே அவர்தான். அந்த இரவோடு வெண்டி கம்பெனியை விட்டுப் போனார். டிராமா, டிராமா என்கிறீர்களே, ஆடுகிறவளுக்கே சொல்லாமல் முடிவை மாற்றுவது எந்த டிராமாவில் உண்டு?

மூலாவின் குணம் பற்றி ஒரு பெரிய சண்டை பிறகு நடந்தது. அவரிடம் பயிற்சி பெற்ற பெண்களில் சிலர், தங்கள் வருமானத்தில் பெரும்பங்கை அவர் பிடித்துக்கொண்டார், இன்னும் மோசமாகவும் நடத்தினார் என்று குற்றம் சாட்டினார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று சொன்ன சிஷ்யைகளும் உண்டு. 2007ல் அவர் இறந்துபோனார். 2018 மார்ச்சில் அவர் பெயரில் ஒரு நினைவுப் போட்டி அறிவித்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், ஸ்பான்சர் சாக்லேட் கம்பெனி முகம் சுளித்தது, மூன்றே நாளில் பெயரை எடுத்துவிட்டார்கள். நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அது தனி ஃபைல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாக்லேட் கம்பெனி சொன்னால் மூன்று நாளில் பெயர் போகும். நாலு பெண்கள் விட்டுப்போனதற்கு நாற்பது வருஷமாக ஒரு வரி சேர்க்க முடியவில்லை.

இந்தப் பட்டமே இப்போது இல்லை. 1990ல் ஆளில்லாமல் விட்டார்கள், 1993ல் அலுண்ட்ரா பிளேஸுக்காக உயிர் கொடுத்தார்கள். அந்த அம்மாளைக் கம்பெனி கைவிட்டபோது, 1995 டிசம்பரில் போட்டிக் கம்பெனியின் நிகழ்ச்சிக்கே பெல்ட்டோடு போய், கேமரா முன்னால் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு மூன்று வருஷம் பட்டம் கிடையாது. 1998ல் மறுபடி ஆரம்பம். 2010ல் வண்ணத்துப்பூச்சி படம் போட்ட 'திவா' பட்டத்தோடு சேர்த்துக் கதையை முடித்தார்கள். 2016ல் அந்தத் திவாவையும் தூக்கிவிட்டுப் புதிதாக ஒரு பெண்கள் சாம்பியன் பட்டம். பழைய வரிசைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது கம்பெனியின் நிலை.

ஃபைல் மூடியாகிவிட்டது, இனி எப்படித் திருத்துவது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். நம் ஊர் எத்தா சிவீல் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரன் எழுதியதை அழிக்கமாட்டான். நூறு வருஷப் பதிவானாலும் பக்கத்து ஓரத்தில் இடம் விட்டிருப்பான். கல்யாணம், பெயர்த் திருத்தம், கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாம் அந்த ஓரத்தில் தேதியோடு ஏறும். 'மான்சியோன் மார்ழினால்' என்று பெயர். அந்த ஓரத்து ஒரு வரியை வைத்துப் பிரஜாவுரிமை வாங்கி, பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளைகளைப் பாரிஸில் படிக்கவைத்த சொல்தா குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன.

டபிள்யூ.டபிள்யூ.ஈ.யும் மூலாவின் பெயரை அழிக்க வேண்டாம். 1956 தேதியைக்கூட வைத்துக்கொள்ளட்டும். பக்கத்து ஓரத்தில் இப்படி எழுதினால் போதும்: 1964 வரை கூட்டமைப்பு ஏற்ற சாம்பியன் ஜூன் பையர்ஸ். 1966ல் பெட்டி பூஷே. 1968ல் யுகிகோ தொமோயே, ஜப்பானில். 1976ல் சூ கிரீன். 1978ல் எவலின் ஸ்டீவன்ஸ். கீழே கையெழுத்து, தேதி, ஆபீஸ் சீல்.