வாப்பாவின் சாரத்தில் ஒரு ரென்ச்



இம்மாதம் ஒரே ஒரு கடிதத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவருடைய வாப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கீரிமலையில் வாடகை வீடு. வேலை விட்டு வந்ததும் கடலோரக் கேணியில் குளித்து, உடம்பில் படிந்த சீமெந்துத் தூசைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாராம். 1990 ஜூனில் சண்டை மூண்டதும் குடும்பம் யாழ்ப்பாணம் டவுனுக்கு ஓடி வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றியபோது அங்கிருந்தும் புறப்பட்டது. வாப்பா இப்போது இல்லை. அவர் உடுத்த மூன்று சாரங்கள் மட்டும் இருக்கின்றன. மகளுக்குப் பிறக்கப் போகும் பிள்ளைக்கு அவற்றில் ஒட்டுத் துணிப் போர்வை தைக்க வேண்டும், அதில் வாப்பாவின் தொழில் தெரிய வேண்டும் என்பது சகோதரியின் ஆசை. மாமியோ, மௌத்தானவரின் உடுப்பில் கத்தரி வைக்காதே என்கிறார்.

மாமியின் மனம் நோக வேண்டாம். ஆனால் அப்படியொரு தடை மார்க்கத்தில் இல்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. மௌத்தானவரின் உடுப்பும் அவர் விட்டுச் சென்ற சொத்தில் சேர்ந்ததுதான். உம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று வாரிசுகள் எல்லோரும் மனம் ஒப்பிய பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். பழஞ்சாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வடிவத்துக்கு வருவோம். ஒட்டுத் துணிப் போர்வையில் அமெரிக்கப் பெண்கள் பழகி வந்த ஒரு கட்டத்துக்கு ‘மங்கி ரென்ச்’ என்று பெயர். வாயின் அகலத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சாவி எந்த ஃபிட்டரின் கையிலும் இருக்கும். இதே கட்டத்தை வெண்ணெய் கடையும் மத்தின் பெயராலும் அழைப்பார்கள். தொழிற்சாலைக்காரர் வீட்டில் ரென்ச், மாட்டுக்காரர் வீட்டில் மத்து! உயிருள்ளவற்றின் உருவம் இல்லாத, வெறும் சதுரமும் முக்கோணமும் ஆன வடிவம் என்பதால் நம் வீடுகளுக்கும் பொருத்தம்.

இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அடிமைகள் தப்பி ஓடிய காலத்தில், ‘கருவிகளைச் சேர்த்துக்கொண்டு ஆயத்தமாகு’ என்ற இரகசியச் செய்தியாக இந்தப் போர்வையை வேலியில் போடுவார்களாம். 1999-இல் அமெரிக்காவில் வந்த ஒரு நூல்தான் இதைப் பரப்பியது. அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லையென்று வரலாற்றாசிரியர்கள் மறுத்திருக்கிறார்கள். கேட்ட செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஏவப்பட்டவர்கள் நாம். பேரப்பிள்ளைக்குச் சொல்ல வாப்பாவின் கதையே போதும்.

இனித் தையல். தைத்து முடிந்தால் 9 அங்குலச் சதுரம். சாரத் துணி கடும் நிறம், கூடவே வெளிர் நிறப் பருத்தித் துணி. நடுவுக்கு வெளிர் நிறத்தில் 3½ அங்குலச் சதுரம் ஒன்று. பக்கங்களுக்கு 2 அங்குல அகலம், 3½ நீளத்தில் ஒவ்வொரு நிறத்திலும் நான்கு. மூலைகளுக்கு 4 அங்குலச் சதுரம் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு.

கடும் சதுரமும் வெளிர் சதுரமும் நல்ல பக்கம் உள்ளே இருக்கச் சேர்த்து, மூலைக்கு மூலை கோடிட்டு, கோட்டின் இரு புறமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். கோட்டில் வெட்டினால் இரண்டு மூலைத் துண்டுகள். விரித்து அயர்ன் பண்ணி 3½ அங்குலத்துக்கு ஒழுங்காக வெட்டுங்கள். பக்கத் துண்டுகளை நீளவாட்டில் இணையிணையாகத் தைத்தால் அவையும் 3½ அங்குலச் சதுரமாகும். மூன்றுக்கு மூன்றாக அடுக்கும்போது கடும் நிறம் எப்போதும் நடுச் சதுரத்தின் பக்கம், வெளிர் நிறம் வெளியே. ஒரு மூலை திரும்பிவிட்டாலும் ரென்ச் தெரியாது.

தையல் விளிம்பு கால் அங்குலம்தான். இதில் நூலளவு கூடினாலும் ஒன்பது துண்டு சேரும்போது கட்டம் சுருங்கி, பக்கத்துக் கட்டத்தோடு சேராது. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மெஷின் தட்டில் பிளாஸ்டர் ஒட்டிவையுங்கள், துணி அதை உரசியபடி போகட்டும். பழஞ்சாரம் துவண்டு கிடக்கும், குறுக்கே வெட்டினால் இழுபடும். வெட்டுமுன் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணுங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த பகுதியை விட்டுவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை கெட்டியான இடத்தில் எடுங்கள்.

குழந்தைப் போர்வைக்கு மூன்றுக்கு நான்காகப் பன்னிரண்டு கட்டங்கள். 27-க்கு 36 அங்குலம். கணக்குப் பார்த்தேன், இதற்கு ஒரு சாரமே தாராளம். மற்ற இரண்டையும் மடித்து அலுமாரியில் வைத்துவிடலாம். மாமியிடம் இதையும் சொல்லுங்கள்.

ஈரத் துணியில் வெள்ளைத் துண்டை அழுத்திச் சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே பஞ்சு வேண்டாம், நம் வெயிலுக்குப் பழைய பருத்திச் சேலை ஒரு மடிப்பு போதும். பிள்ளையின் மேனியில் படும் அடித்துணியை இரண்டு முறை துவைத்துவிட்டுத் தையுங்கள்.