மூச்சை இழுத்தால் சந்தோஷம் வருமா?

திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாண மண்டபம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் வாழை மரம் இல்லை, மேளம் இல்லை. ஆனால் வேன் வேனாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒரு நூற்பு மில்லின் நிர்வாகம் தன் தொழிலாளர்களுக்கு 'மகிழ்ச்சிப் பயிற்சி' நடத்துகிறதாம். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. துணி துவைக்க, பிள்ளைக்குத் தலை பார்க்க, கொஞ்சம் கண் அயர அந்த ஒரு நாள்தான். வராதவர்களின் பெயரைச் சூப்பர்வைசர் குறித்துக்கொண்டாராம். சந்தோஷமாக இருப்பதற்கும் ஹாஜர் பட்டியல்!

மேடையில் பேசியவர் படித்தவர், நல்ல குரல். அவர் சொன்னதன் சாரம் இது: மனிதன் எதற்கும் பழகிவிடுவான். சம்பளம் உயர்ந்தால் 6 மாதம் சந்தோஷம், பிறகு பழைய கதைதான். வீடு கட்டினாலும் அப்படியே. ஆகையால் வெளியே தேடாதீர்கள், உள்ளே தேடுங்கள். கண்ணை மூடுங்கள், ஆழமாக மூச்சை இழுங்கள்.

பின்வரிசையில் ஒரு சகோதரி எழுந்தார். "மில்லுக்குள்ள ஆழமா மூச்சு இழுத்தா பஞ்சுதானே சார் உள்ளே போகும்?"

மண்டபமே சிரித்தது. அன்று அங்கே எழுந்த உண்மையான சந்தோஷம் அது ஒன்றுதான் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்த மில்லில் கூலி உயர்வுக் கோரிக்கை 5 மாதமாக நிர்வாகத்தின் மேஜையில் கிடக்கிறது. உபதேசம் எதற்காக என்பது இப்போது விளங்கும். ஆனாலும் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது, தோழர்களே. அவர் சொன்னதில் பாதி உண்மை. அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

லாட்டரிச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் தமிழ்நாட்டு சர்க்காரே சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003-ல் தடை வரும் வரை எத்தனை கூலிக்காரர்கள் அரை வயிற்றோடு சீட்டு வாங்கினார்கள்! (லாட்டரியை மூடிய அதே 2003-ல்தான் மதுக்கடைகளைச் சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டது என்பதையும் மறக்க வேண்டாம்.) சரி, பரிசு விழுந்தவர்களாவது நிரந்தரமாகச் சந்தோஷப்பட்டார்களா? அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாகாண லாட்டரியில் பெரும் பரிசு பெற்ற 22 பேரை விசாரித்து 1978-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பரிசு விழாத மற்றவர்களைவிட அவர்கள் அப்படியொன்றும் அதிக சந்தோஷமாக இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் இன்பம் அவர்களுக்குக் குறைந்தும் போயிருந்தது.

ஆக, மனிதன் பழகிவிடுகிறான் என்பது மெய். ஆனால் எல்லாவற்றுக்குமா?

இங்கேதான் மேடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். ஜெர்மனியில் 24,000 பேருக்கு மேல், 15 வருஷம் தொடர்ந்து விசாரித்த ஆராய்ச்சி ஒன்று 2004-ல் வெளிவந்தது. வேலை இழந்தவர்கள் அதற்குப் பழகினார்களா என்று பார்த்தார்கள். இல்லை. மறுபடி வேலை கிடைத்த பிறகும் அவர்களின் மனம் பழைய நிலைக்கு முழுவதும் திரும்பவில்லை. புதுச் சேலைக்கு மனிதன் பழகிவிடுகிறான். நாளைக்கு வேலை உண்டா என்ற பயத்துக்குப் பழகுவதில்லை. வாரக்கடன் வசூலிக்க வாசலில் வந்து உட்காருகிற ஆளுக்கு நம் வீட்டுப் பெண்கள் பழகிவிட்டார்களா? மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கொல்லைப்புறம் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மத்தியப் பிரதேச சர்க்கார் 2016-ல் ஆனந்தத்துக்கென்று தனித் துறையே திறந்தது. மறு வருஷம், 2017 ஜூன் 6-ந் தேதி, அதே ராஜ்யத்தின் மந்த்சௌரில், விளைபொருளுக்கு விலை கேட்டுப் போராடிய விவசாயிகளைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஆனந்தத் துறைக்காரர்கள் அன்று எந்த மூச்சுப் பயிற்சியில் இருந்தார்களோ!

சந்தோஷத்தைத் தானமாகக் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. திருக்கோகர்ணம் கோயிலின் பிரகதாம்பாளுக்குத் தாசர்கள் என்று தொண்டைமான் ராஜாக்கள் தங்களை அழைத்துக்கொண்டார்கள். நவராத்திரிக்கு ஜனங்களுக்கு அரிசியும் அம்மன் காசும் கொடுத்தார்கள். சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அம்மனைக் கும்பிடுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் காசு வாங்கிய கை மறுவாரம் யாரிடம் கடன் கேட்டு நின்றது என்று எந்த அரண்மனைக் கணக்கிலும் எழுதவில்லை. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. காசு போயிற்று. கொடுக்கிறவன் போனால் கூடவே போய்விடுகிற சந்தோஷம் அது.

போகாத ஒன்றையும் இதே புதுக்கோட்டையில் கண்ணால் கண்டோம். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஆதரவாக நின்றார். அறிவியல் இயக்கத் தொண்டர்கள் தெருத் தெருவாக வந்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிகள், கல் உடைக்கும் பெண்கள், பால்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளில் ஏறியவர்கள் ஏராளம். கண்மாய்க் கரையில் நின்று கேலி பேசிய ஆண்களும் ஏராளம்.

என் தாயாரும் அப்போது கற்றவர். நடவுக்கும் களைக்கும் போகிற கூலிக்காரி. முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கு முன் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டால் அப்பா வரும்வரை காத்திருப்பார், அல்லது பஸ்ஸுக்கு நிற்பார். அதற்குப் பின் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தானே மிதித்துப் போனார். தினமும் சைக்கிளைப் பார்த்து அவர் பூரித்துப் போனதாக எனக்கு நினைவில்லை. யாரையும் எதிர்பார்த்து நிற்பது நின்றுபோயிற்று, அவ்வளவுதான். கலெக்டர் மாற்றலாகிப் போனார். சைக்கிள் விடத் தெரிந்தது போகவில்லை. அதை ஜப்தி செய்ய எந்தக் கோர்ட்டாலும் முடியாது. அதே காலத்தில் கல் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்தன. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருந்தார்களா? எதிர்த்துக் கிளம்பினார்கள். காகிதத்தில் வாங்கியதைக் காப்பதற்குச் சங்கம் வேண்டும்.

கீழத் தஞ்சையை நினைத்துப் பாருங்கள். பண்ணையாளுக்குச் சவுக்கடி, சாணிப்பால். தோழர் பி. சீனிவாசராவ் கிராமம் கிராமமாகச் சங்கம் கட்டினார். 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் மிராசுதாரர்கள் கையெழுத்துப் போட்டார்கள்: சவுக்கடி இல்லை, சாணிப்பால் இல்லை. இன்று அந்தப் பண்ணையாளின் பேரன் 'ஆகா, இன்றைக்கு எனக்குச் சவுக்கடி இல்லை' என்று குதூகலித்தா எழுந்திருக்கிறான்? இல்லை. பழகிவிட்டான். அப்படிப் பழகிப் போகத்தானே அந்தப் போராட்டம்! அடி வாங்காமல் வாழ்வது அவனுக்குச் சாதாரணமாகிவிட்டது. இப்போது அவன் வேறு கேட்கிறான். வீட்டுமனை கேட்கிறான், மகளுக்குக் கல்லூரி கேட்கிறான். 'இவர்களுக்கு எதிலும் திருப்தியில்லை' என்று முதலாளி முணுமுணுக்கிறார். ஆமாம், இல்லை.

நம் தோழர்கள் சிலரிடமும் ஒரு வார்த்தை. 'சந்தோஷம் பற்றிய பேச்செல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. முதலில் கூலி' என்பார்கள். நானும் மேடையில் அப்படிப் பேசியவன்தான். கூலி உயர்ந்த வீட்டிலும் இரவு பெண்ணுக்கு அடி விழுவதைப் பார்த்த பிறகு அப்படிப் பேச வாய் வரவில்லை. வீட்டுக்குள் நடக்கும் மிராசுதார்த்தனத்தைத் தட்டிக் கேட்காத சங்கத்தில் பெண்கள் எதற்குச் சேர வேண்டும்?

நேரம் என்பதும் இருக்கிறது. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றினார். 8 மணி நேர வேலை என்பது மே தினம் பிறந்ததே அதற்காக. சரியாக 100 வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாய்க் கிளம்பின. மே 1-ந் தேதி வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். பத்தே நாள்! 12 மணி நேரம் நின்று வந்தவள் எந்த நேரத்தில் பிள்ளையைக் கொஞ்சுவாள்? அதை எந்த உபதேசியும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

மண்டபத்தில் கேள்வி கேட்ட சகோதரிக்கு மறுநாளே மெமோ வந்தது. மில்லில் அவர் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ஒரு மணி நேரம். மெமோ வாபஸ்.

கூலிக் கோரிக்கை இன்னும் மேஜையிலேயே இருக்கிறது. தூசியை உறிஞ்சும் இயந்திரங்களைப் பழுது பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் கை வைக்கக் கூடாது என்ற இரண்டையும் இப்போது அதோடு சேர்த்திருக்கிறோம். வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே மண்டபத்துக்கு எதிரே கூட்டம். யாரும் ஹாஜர் எடுக்க மாட்டார்கள்.