மட்டாஞ்சேரிப் பெண்களும் மார்பக ஸ்கேன் சந்தையும்

கொச்சி மட்டாஞ்சேரியின் கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைத்துத் தரம்பிரிக்கும் பெண்கள் அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர்கள். மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்டால், ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குப் போவதா என்பதே அவர்கள் முன் எழும் முதல் கேள்வி. கட்டியில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை, நாள் தள்ளிப்போகிறது. 2022இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டது, 98 ஆயிரம் பேர் மாண்டனர் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு.

மருத்துவக் கருவிச் சந்தையின் கவலையோ வேறு. அமெரிக்காவின் அரோரா நிறுவனம் மார்பகத்துக்கென்றே 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ கருவியைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் சீமென்ஸ் ‘எஸ்பிரீ பிங்க்’ என்று பெயர் சூட்டிக் களமிறங்கியது. (நோய்க்கும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசத் தெரிந்த சந்தை!) யாருடைய படம் துல்லியமானது என்பதில் போட்டி. ஆனால், பொதுவான எம்ஆர்ஐ கருவியிலேயே மார்பகத்துக்கான கம்பிச்சுருளைப் பொருத்தி இப்பரிசோதனையைச் செய்யலாம். மூளையையும் தண்டுவடத்தையும் அதே கருவி படமெடுக்கும். ஓர் உறுப்புக்கு மட்டுமான கருவியை வாங்கும் தனியார் மருத்துவமனை, போட்ட முதலை எடுக்க, தேவையற்றவர்களையும் அதில் படுக்க வைக்கவே முனையும்.

எம்ஆர்ஐ தேவையில்லை என்பதல்ல வாதம். பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள பெண்களுக்கு ஆண்டுதோறும் இப்பரிசோதனை வேண்டுமென அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2007இலேயே பரிந்துரைத்தது. மேமோகிராமில் தப்பும் கட்டியும் இதில் சிக்கும். புற்றல்லாததும் சிக்குவதால், வீண் ஊசிப் பரிசோதனையும் அச்சமும் கூடவே வரும்.

மும்பை குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடையே நடத்திய ஆய்வு, எந்த நிறுவனமும் விளம்பரப்படுத்தாத ஒன்று. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் மட்டுமே பரிசோதித்தனர். 50 வயதைக் கடந்தோரில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அப்பலன் கிட்டவில்லை. ஆயினும் நோய் முன்னதாகவே பிடிபட்டது. கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2025 பிப்ரவரி 4 அன்று 30 வயதைக் கடந்த பெண்களுக்காகத் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனை இயக்கம் இத்திசையிலானதே. வீடுவீடாகச் செல்லும் ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க ஒன்றிய அரசு இன்னமும் மறுக்கிறது.

மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் முன்பு ‘சாப்பா’ எனும் உலோக வில்லையைக் கூட்டத்தின்மீது வீசுவார்கள். பொறுக்கியவனுக்கே அன்றைய வேலை. அதை எதிர்த்த தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சிகிச்சையைப் பணப்பையின் கனத்துக்கு விட்டுவிடுவதும் சாப்பா முறைதான். 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22இல் அது 1.84 விழுக்காடே.

பெங்களூரு வாக்ஸல்கிரிட்ஸ் நிறுவனம் ஒன்றிய அரசின் நிதியுதவியுடன் உருவாக்கிய 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ கருவி 2023 ஆகஸ்டில் அறிமுகமானது. பொதுப்பணத்தில் பிறந்த அக்கருவி, மார்பகக் கம்பிச்சுருளோடு முதலில் அரசு மருத்துவமனைகளுக்கே வர வேண்டும். பரிசோதனைக்குச் செல்லும் கிடங்குத் தொழிலாளிக்கு அன்றைய கூலியும் உறுதிசெய்யப்பட வேண்டும்.