தட்டுப்பாடே இல்லையாம், 13 பேர் மட்டும் செத்தார்களாம்!

2021-ஆம் வருஷம் மே 4-ந் தேதி இரவு. கொரோனாவின் இரண்டாவது அலை ஏறிக் கொண்டிருந்த நேரம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில மணி நேரத்துக்குள் 13 நோயாளிகள் மாண்டார்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். மறுநாள் டாக்டர்களே போராட்டத்தில் இறங்கினார்கள். அதிகாரிகள் சொன்னதென்ன? தட்டுப்பாடு இல்லை, இருப்பு இருந்தது என்றார்கள்!

இருந்தது என்றே வைத்துக் கொள்வோம். மதுராந்தகம் ஏரி தளும்பி நின்றாலும், வாய்க்கால் சிறுத்திருந்தால் கடைமடை காயும் என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியாதா? ஆக்ஸிஜனும் அப்படித்தான். தொட்டியில் திரவமாகக் கிடப்பது வாயுவாக மாறிக் குழாயில் ஓடி, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ அழுத்தத்தில் படுக்கைக்கு வர வேண்டும். சாதாரண முகமூடிக்கு நிமிஷத்துக்கு 5 முதல் 10 லிட்டர் போதும். வேகமாகச் செலுத்தும் கருவியோ 60 லிட்டர் வரை இழுக்கும். 7,000 லிட்டர் கொண்ட பெரிய சிலிண்டர் ஒன்று அந்தக் கருவிக்கு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. எல்லாப் படுக்கையும் ஒரே சமயத்தில் இழுத்தால் அழுத்தம் விழாமல் என்ன செய்யும்?

எந்த ஆஸ்பத்திரியிலும் இந்த ஆபத்தை முதலில் காண்பவர் யார்? மந்திரியா? கலெக்டரா? முள் இறங்குவதைப் பார்ப்பவர் டெக்னீஷியன். அலாரம் அலறுவதைக் கேட்பவர் நர்ஸ். நடுராத்திரியில் சிலிண்டர் உருட்டுபவர் வார்டு ஊழியர். இவர்கள் முன்கூட்டியே வாய் திறந்து சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி.

மேலிடத்தார் ஒரு புது உபதேசம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் "பாதுகாப்புக் கலாசாரம்". 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு பிறந்த சொல் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் வேலை செய்பவர்களுக்குப் பழக்கமானது. பிறகு ஆஸ்பத்திரிக்கும் வந்தது. 2004-ல் அமெரிக்க சர்க்கார் இலாகா ஒன்று கேள்வித்தாள் அச்சிட்டு, ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டது. பல நாடுகளிலும் அதே தாள் சுற்றியது. ஊழியர்கள் திரும்பத் திரும்பக் குறை சொன்ன விஷயங்களில் இரண்டு முக்கியமானவை. தவறைச் சொன்னால் எங்கள் தலையில் விழுகிறது என்பது ஒன்று. ஆள் போதவில்லை என்பது மற்றொன்று.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா வரை போவானேன்? நம் மில் சைடரைக் கேட்டால் சொல்ல மாட்டாரா? இரண்டு பேர் பார்த்த மெஷினை ஒருவர் தலையில் கட்டுவது, கை போனால் "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று எழுதுவது! ஐ.சி.யூ. வார்டிலும் இதே கதைதான். அங்கே ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த கணக்கு. நம் சர்க்கார் ஆஸ்பத்திரி எதிலாவது இரவு ஷிப்டில் எட்டிப் பாருங்கள், கணக்கு விளங்கும்.

ஊழியரில் குற்றவாளியே இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்பவரைக் காப்பாற்றும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் ஆக்ஸிஜன் குழாயின் அளவை அவரா தீர்மானித்தார்?

வாயைக் கட்டும் கயிறு எது என்பதையும் பார்ப்போம். காண்டிராக்ட் வேலைதான் அந்தக் கயிறு! மாதம் 7,700 ரூபாய்க்கு அமர்த்தப்பட்ட நர்சுகள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, நிரந்தரம் செய் என்று கேட்டார்கள். கொரோனா வார்டில் உயிரைப் பணயம் வைத்த 2,300-க்கு மேற்பட்ட காண்டிராக்ட் நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31-ல் கிடைத்த பரிசு, இனி நீட்டிப்பு இல்லை என்ற உத்தரவு! நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவள், "ஐயா, அழுத்தம் போதவில்லை" என்று பெரிய அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பாளா?

நிரந்தர வேலையில் இருந்தவர்களுக்கும் பாடம் புகட்டியாயிற்று. 2017 ஆகஸ்டில் கோரக்பூர் ஆஸ்பத்திரியில், பாக்கிப் பணம் தரப்படாததால் கம்பெனி ஆக்ஸிஜனை நிறுத்தியது. சில நாட்களில் 60-க்கு மேற்பட்ட குழந்தைகள் மடிந்தன. சிலிண்டர் தேடி அலைந்ததாகச் சொன்ன டாக்டர் கபீல் கான் சுமார் 8 மாதம் சிறையில் கிடந்தார்! அவர் மருத்துவத்தில் கவனக்குறைவாக இருந்ததற்குச் சான்று இல்லை என்று சொல்லி அலகாபாத் ஹைகோர்ட் 2018 ஏப்ரலில் ஜாமீன் கொடுத்தது.

2021 ஜூலை 20-ல் மத்திய சர்க்கார் ராஜ்ய சபையில் என்ன சொல்லிற்று? ஆக்ஸிஜன் இல்லாமல் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லையாம்! காகிதத்தில் இல்லாத சாவு சாவே அல்ல போலும்.

திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் குப்பங்களிலிருந்து மூச்சுத் திணறி வரும் ஏழைக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிதான் கதி. ஆகவே கேட்கிறோம்: 2021 மே 4 இரவு எந்த மணிக்கு எவ்வளவு அழுத்தம் இருந்தது என்ற பதிவை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டுங்கள். காண்டிராக்ட் நர்சுகளை நிரந்தரமாக்குங்கள். ஒவ்வொரு ஐ.சி.யூ.விலும் நர்ஸ், டெக்னீஷியன், வார்டு ஊழியர் தேர்ந்தெடுக்கும் கமிட்டி வேண்டும். அது எழுதிக் கொடுக்கும் புகாருக்கு 24 மணி நேரத்தில் எழுத்திலேயே பதில் வர வேண்டும். எழுதியவர் மீது மெமோ பாயக் கூடாது.